சொல் ஒருவர், இசை ஒருவர்: பழைய கிறித்தவ நற்செய்திப் பாடல்களை ஆக்கியோர்



இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் சங்கப் புலவர்களைப் பற்றியும் சிற்றிலக்கியங்களைப் பற்றியும் அறிஞர் பலர் உரையாற்றியிருக்கின்றனர். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஆங்கில மொழியில் பிறந்து உலகின் பல மொழிகளுக்குப் பரவிய பழைய கிறித்தவப் பாடல்களும் அவற்றை ஆக்கியோரும் ஆகும். ஒரு சமயத்தாருடைய வழிபாட்டுப் பாடல்கள் மொழி மன்றத்தில் பேசுதற்குரிய பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். தேவாரத்தையும் திருவாய்மொழியையும் சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் மொழிச்செல்வமாகக் கொண்டு, எச்சமயத்தாராயினும் ஒருங்கிருந்து பயிலும் மரபு நம்முடையது. அந்த மரபில் நின்றே இப்பாடல்களையும் அணுகுகிறோம்.

ஒரு மாணவரின் வினா

இவ்வுரைக்கு வித்திட்டவர் ஒரு மாணவர். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைநிலைப் பள்ளியின் காலைக் கூடலில் நன்னெறி பற்றிப் பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அன்று ஜான் நியூட்டன் என்னும் ஆங்கிலேயரின் கதையைச் சொன்னோம். அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலின் தலைவர் அவர், நடுக்கடலில் புயல் வீசிற்று, மனம் திரும்பினார், அக்கணமே அத்தொழிலைக் கைவிட்டு ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் புகழ்பெற்ற பாடலை எழுதினார் என்று, பிறர் சொல்லக் கேட்டவாறே நாமும் சொல்லி முடித்தோம். கைதட்டலும் கிடைத்தது.

கூடல் கலைந்தபின் படிவம் இரண்டில் பயின்ற மாணவர் ஒருவர் நம்மிடம் வந்தார். “ஐயா, புயல் நின்ற பிறகு அந்தக் கப்பலில் இருந்த அடிமைகளை அவர் விடுதலை செய்தாரா?” என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் அன்று இல்லை. “செய்திருப்பார், தம்பி” என்று கூறி அனுப்பிவிட்டோம். பின்னர் உரிய நூல்களைத் தேடிப் படித்தபோது, நாம் சொன்ன கதையில் பாதிக்குமேல் பிழை என்பது தெரிந்தது. அதற்குள் அம்மாணவர் வேறு பள்ளிக்கு மாறிச் சென்றுவிட்டார். அவருக்குக் கூறியிருக்க வேண்டிய விடையையும், அவ்விடையைத் தேடிய வழியில் நாம் கண்டவற்றையும் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

எண்ணால் அமைந்த யாப்பு

ஆக்கியோரைக் காணுமுன் இப்பாடல்களின் அமைப்பைச் சற்று அறிதல் நன்று. ஐசக் வாட்ஸ் (1674–1748) என்பவர் ஆங்கிலப் பாமாலை மரபின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அவர் காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபைகளில் பெரும்பாலும் விவிலியத்தின் சங்கீதங்களே செய்யுளாக்கிப் பாடப்பட்டன. பாடுவோர் தம் காலத்துச் சொற்களில், தம் உணர்வைத் தாமே பாட வேண்டும் எனக் கருதிய வாட்ஸ், 1707-ஆம் ஆண்டில் தம் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதாரும் பாட வேண்டும் என்பதனால் எளிய சொற்களையும் சிலவே ஆகிய யாப்பு வகைகளையும் அவர் கையாண்டார்.

அந்த யாப்பு வகைகள் எண்களால் குறிக்கப்பெறும். 8.6.8.6 என்பது ‘பொது யாப்பு’. அதாவது நான்கு அடிகளில் முறையே எட்டு, ஆறு, எட்டு, ஆறு அசைகள் வரும். 8.8.8.8 என்பது ‘நெடு யாப்பு’, 6.6.8.6 என்பது ‘குறு யாப்பு’. இங்கே அசை என்பது நம் யாப்பிலக்கணத்தின் நேரசை நிரையசைகளைச் சுட்டவில்லை. ஓர் உயிரொலியை மையமாகக் கொண்ட ஒலித்துண்டையே சுட்டுகிறது. மாணவர்கள் இதனைப் புதுமை என்று கருத வேண்டா. கட்டளைக் கலித்துறையில் ஒற்றெழுத்துகளை நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் வருமாறு எண்ணுகின்றோம் அல்லவா? அந்த எண்ணும் முறைக்கு ஆங்கிலப் பாமாலையின் எண்ணும் முறை பெரிதும் நெருங்கியது.

இவ்வமைப்பினால் ஒரு விளைவு உண்டாயிற்று. 8.6.8.6 என்னும் அளவில் அமைந்த எப்பாட்டையும் அதே அளவில் அமைந்த எம்மெட்டிலும் பாடலாம். ஆகவே பாட்டுக்கு ஒரு பெயரும் மெட்டுக்கு வேறொரு பெயரும் வழங்கலாயின. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று தலைப்பில் அச்சிட்டிருப்பதைப் போன்றதே இதுவும். சொல்லை ஆக்கியவரும் இசையை ஆக்கியவரும் ஒருவரையொருவர் காணாமலே, சிலபோது ஒரே நூற்றாண்டில் வாழாமலே, ஒரு பாடலுக்கு உரியவராயினர்.

நியூட்டன்: கதையும் வரலாறும்

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். ஜான் நியூட்டன் 1725-இல் பிறந்தார். புயலில் சிக்கியது 1748-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். அவர் அப்போது சென்ற கப்பல் தந்தம், பொன், தேன்மெழுகு, சாயமரம் முதலிய பண்டங்களை ஏற்றிய வணிகக் கப்பல். அவர் அதன் தலைவரும் அல்லர். புயலின் நடுவே அவர் இறைவனை நோக்கி மன்றாடியதும், அந்நாளைத் தம் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்ததும் உண்மை.

ஆயினும் அவர் அடிமை வணிகத்தை விட்டு விலகவில்லை. அதன் பின்னரே அடிமைக் கப்பல் ஒன்றில் துணைநிலை அலுவலராகச் சென்றார். 1750 முதல் 1754 வரை தாமே தலைவராக இருந்து மூன்று பயணங்களை நடத்தினார். 1754-இல் கடற்பணியை விட்டதற்கும் நோயே காரணமாயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து, 1764-இல், குருவாக அருட்பொழிவு பெற்று ஓல்னி என்னும் சிற்றூரில் பணியேற்றார். கையால் சரிகைப் பின்னல் செய்து பிழைத்த ஏழை மக்கள் நிறைந்த ஊர் அது. அவர்களுக்காக வாரந்தோறும் பாடல் எழுதினார். ‘அமேசிங் கிரேஸ்’ 1773-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாள் அருளுரைக்கென எழுதப்பட்டது. புயலுக்கும் பாட்டுக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் உள்ளன.

அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் நூல் எழுதியது 1788-இல். கடற்பணியை விட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் கடந்தபின், தாம் செய்ததை மறைக்காது எழுதி, தம் ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்பதையும் அதிலேயே ஏற்றுக்கொண்டார். பின்னர் அரசின் விசாரணையிலும் சாட்சியம் கூறினார். பிரிட்டிசுப் பேரரசில் அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807-இல் நிறைவேறியது. அதே ஆண்டின் இறுதியில் நியூட்டன் மறைந்தார்.

அம்மாணவரின் வினாவுக்கு விடை இதுவே: அந்தக் கப்பலில் அடிமைகள் இல்லை, பின்னர் அவர் நடத்திய கப்பல்களில் இருந்தனர், அவர்களை அவர் விடுவிக்கவில்லை. ஒரு மனிதர் தம் தவற்றை முழுதும் உணர நாற்பது ஆண்டுகள் ஆகலாம் என்பதும், உணர்ந்தபின் அதனை ஊரறியச் சொல்லலாம் என்பதும் மெய்வரலாறு காட்டும் பாடம். அதனை நாம் ஒரே இரவில் முடிந்த கதையாகச் சுருக்கியபோது, கப்பலின் அடித்தளத்தில் பிணிக்கப்பட்டிருந்தவர்களை நம் கதையிலிருந்தே நீக்கிவிட்டோம். மாணவரின் வினா அவர்களைப் பற்றியதாகவே இருந்தது.

நியூட்டன் தனித்துப் பணியாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கவிஞர் வில்லியம் கூப்பர் (1731–1800) ஓல்னியில் அவருக்கு அண்டை வீட்டார். 1779-இல் வெளிவந்த ‘ஓல்னிப் பாமாலை’யின் 348 பாடல்களில் அறுபதுக்கு மேற்பட்டவை கூப்பருடையவை. கடுமையான மனநோயால் வாழ்நாள் முழுதும் அல்லலுற்றவர் அவர். நியூட்டன் தம் புகழ்பெற்ற பாடலை ஓல்னி மக்களுக்கு அளித்த அதே 1773-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் கூப்பரின் நோய் மீண்டும் முற்றியது. அதற்குப் பின் அவர் அத்தொகுப்புக்குப் பாடல் எழுதவில்லை.

அந்நூலில் இசைக்குறிப்பு எதுவும் அச்சிடப்படவில்லை. நாம் இன்று கேட்கும் மெட்டு அமெரிக்காவின் தென்பகுதியில் வழங்கியது. ‘நியூ பிரிட்டன்’ என்பது அதன் பெயர். அதனை முதலில் ஆக்கியவர் யாரென அறியப்படவில்லை. 1835-இல் வில்லியம் வாக்கர் என்பார் தம் இசைத்தொகுப்பில் நியூட்டனின் சொற்களை அம்மெட்டோடு இணைத்தார். பாடலின் நிறைவில் பலரும் பாடும், பதினாயிரம் ஆண்டுகளைப் பற்றிய செய்யுளும் நியூட்டனுடையது அன்று. அது பின்னர் வந்து சேர்ந்தது. நம் ஏட்டுச்சுவடிகளில் இடைச்செருகலைக் கண்டறிவது போன்றதே இவ்வாராய்ச்சியும்.

ஒருவரையொருவர் அறியாத இருவர்

சொல்லும் இசையும் கூடும் முறைகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, ஒன்றுக்கு ஒன்றெனக் கருதப்படாத இரண்டைப் பிறரொருவர் இணைப்பது. நியூட்டனின் பாடல் அவ்வகையது. மற்றொரு சான்று, கிறித்துமசுக் காலத்தில் நம் அங்காடிகளிலும் ஒலிக்கும் ‘ஹார்க்! த ஹெரால்ட் ஏஞ்சல்ஸ் சிங்’ என்னும் பாடல். சார்லஸ் வெஸ்லி (1707–1788) ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதியவர். இப்பாடல் 1739-இல் வெளிவந்தபோது அதன் முதலடியில் வான்வெளியைக் குறிக்கும் ‘வெல்கின்’ என்ற பழஞ்சொல் இருந்தது. 1753-இல் ஜார்ஜ் வைட்பீல்டு என்னும் அருளுரையாளர் அவ்வடியைத் திருத்தி, இன்று வழங்கும் வடிவைத் தந்தார்.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. 1840-இல் செருமனியின் லைப்சிக் நகரில், அச்சுக்கலை தோன்றியதன் நானூறாம் ஆண்டு விழாவுக்காக மெண்டல்சன் ஓர் இசைப்படைப்பை இயற்றினார். அச்சுக்கலையின் தந்தை கூட்டன்பர்க்கைப் போற்றும் இசை அது. அவ்விசை சமயச் சொற்களுக்குப் பொருந்தாது என்றே மெண்டல்சன் கருதினார். அவர் மறைந்தபின் 1855-இல் கம்மிங்ஸ் என்னும் ஆங்கில இசைவாணர் அதன் ஒரு பகுதியை எடுத்து வெஸ்லியின் பாடலோடு பொருத்தினார். எழுதியவர் கருதிய சொல் மாறிற்று. இசைத்தவர் கருதிய பொருளும் மாறிற்று. இருவருடைய விருப்பத்துக்கும் அப்பால் பாட்டு நிலைத்துவிட்டது.

திருத்தம் எப்போதும் நன்மையே பயக்கும் என்று இதனால் கொள்ளலாகாது. சார்லசின் தமையனார் ஜான் வெஸ்லி, மெதடிஸ்டு மக்களுக்கென 1780-இல் வந்த பாமாலைத் தொகுப்பின் முன்னுரையில், தம் பாடல்களை அச்சிட விரும்புவோர் உள்ளவாறே அச்சிட வேண்டும், அன்றேல் மெய்ப்பாடத்தைப் பக்க ஓரத்திலோ அடியிலோ காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மூலபாடத்தையும் பாடவேறுபாட்டையும் காத்த உ.வே. சாமிநாதையர் வழிவந்த நமக்கு அக்கோரிக்கையின் அருமை விளங்கும்.

இரண்டாவது முறை, சொல் முன்னும் இசை பின்னுமாக வருவது. எலிசபெத் கிளெஃபேன் (1830–1869) என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணி, காணாமற்போன ஆட்டைத் தேடிச் செல்லும் மேய்ப்பனைப் பற்றிச் சிறுவர் இதழொன்றில் ஒரு பாடல் எழுதினார். அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1874-இல், அமெரிக்கப் பாடகர் ஐரா சாங்கி கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோவுக்குப் புகைவண்டியில் செல்கையில் செய்தித்தாள் ஒன்றில் அப்பாடலைக் கண்டார். அதனை நறுக்கி எடுத்துவைத்தார். எடின்பரோக் கூட்டத்தில் அருளுரையாளர் மூடி நல்ல மேய்ப்பனைப் பற்றிப் பேசி முடித்து, பொருத்தமான பாடலொன்று பாடும்படி கேட்டார். சாங்கி அந்த நறுக்கை இசைப்பெட்டியின்மீது வைத்து, அவ்விடத்திலேயே மெட்டமைத்துப் பாடினார். இது சாங்கியே தம் நினைவுக்குறிப்பில் கூறியுள்ள செய்தி. அவரும் பிலிப் பிளிஸ் என்பவரும் 1875 முதல் வெளியிட்ட தொகுப்புகளால்தான் ‘நற்செய்திப் பாடல்’ என்னும் வகைப்பெயர் உலகெங்கும் பரவியது. வாட்சும் வெஸ்லியும் எழுதியவற்றைவிட எளிய சொல்லும், கூடியிருப்போர் திரும்பத் திரும்பப் பாடும் பல்லவியும் இவ்வகையின் இயல்புகள்.

மூன்றாவது முறை, மெட்டு முன்னும் சொல் பின்னுமாக வருவது. திரைப்பாடல் பயின்ற நமக்கு இது புதிதன்று. 1873-இல் ஃபீபி நாப் என்னும் இசைவாணி தாம் அமைத்த மெட்டொன்றை ஃபானி கிராஸ்பிக்கு வாசித்துக் காட்டி, இந்த இசை என்ன சொல்கிறது என்று வினவ, கிராஸ்பி அதற்குரிய சொற்களைக் கூறினார். ‘பிளெஸ்ஸட் அஷூரன்ஸ்’ என்னும் பாடல் அவ்வாறு பிறந்தது. இருவரும் பெண்கள், நெருங்கிய தோழியர்.

பெயர் மறைத்தோரும் மறைக்கப்பட்டோரும்

ஃபானி கிராஸ்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் 1820-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். பிறந்த சில வாரங்களிலேயே பார்வையை இழந்தார். நியூயார்க் நகரின் பார்வையற்றோர் கல்விநிலையத்தில் பயின்று, பின்னர் அங்கேயே 1847 முதல் 1858 வரை ஆசிரியராகப் பணியாற்றினார். ஆசிரியப் பெருமக்கள் அவரைத் தம்மவருள் ஒருவராகக் கொள்ளலாம். 1864-இல் வில்லியம் பிராட்பரி என்னும் இசையமைப்பாளருக்காக எழுதத் தொடங்கி, 1915-இல் மறையும் வரை எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றினார். பாடலை மனத்திலேயே யாத்து, திருத்தி, நினைவில் நிறுத்தி, பின்னர் பிறரை எழுதச் சொல்வது அவர் வழக்கம். ஒருங்கே பல பாடல்களை நினைவில் தேக்கி வைத்திருந்தார். நம் கவனகர்களை நினைவூட்டும் ஆற்றல் இது.

அவ்வளவு எழுதியும் பாடலொன்றுக்கு அவர் பெற்றது ஓரிரு டாலரே. பாடலின் உரிமையும் அதனால் வரும் வருவாயும் பதிப்பாளரையும் இசையமைப்பாளரையும் சேர்ந்தன. ஒரே நூலில் ஒருவர் பெயரே மிகுதியாக வரலாகாது என்பதற்காக அவருடைய பாடல்கள் ஏறத்தாழ இருநூறு புனைபெயர்களில் அச்சேறின. ஆகவே எவை அவருடையவை என்று வரையறுப்பதே பின்வந்தோர்க்குப் பெரும்பணியாயிற்று. பார்வையற்ற ஒரு பெண் தம் உழைப்பால் ஒரு நாட்டின் நாவில் இடம்பெற்றார் என்று போற்றும்போதே, அவ்வுழைப்புக்கு ஈடு கிடைத்ததா என்றும் கேட்பதுதான் நேர்மை.

அயர்லாந்தில் 1819-இல் பிறந்து கனடாவில் குடியேறிய ஜோசப் ஸ்கிரிவன் இதற்கு மறுதலையானவர். 1855-இல், கடலுக்கு அப்பால் துன்புற்றிருந்த தம் தாயைத் தேற்றுவதற்காக ஒரு பாடல் எழுதினார். இயேசுவை நண்பராகக் கருதிப் பாடும் அப்பாடல் இன்று உலகெங்கும் ஒலிக்கிறது. அதனை அவர் அச்சுக்கு அளிக்கக் கருதவில்லை. பெயரின்றி வெளிவந்தமையால் நெடுங்காலம் அது ஸ்காட்லாந்துக் கவிஞர் ஹொரேஷியஸ் போனாருடையது என எண்ணப்பட்டது. 1868-இல் அதற்கு மெட்டமைத்த சார்லஸ் கான்வர்ஸ் தொழிலால் வழக்கறிஞர். ஸ்கிரிவன் 1886-இல் நீரில் மூழ்கி இறந்தார்.

பெயர் மறைதல் நமக்கும் நேர்ந்ததே. குறுந்தொகைப் புலவர் ஒருவரை அவர் பாடலின் தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்கிறோம். அவர்தம் இயற்பெயரை இழந்துவிட்டோம். ஈராயிரம் ஆண்டுப் பழமை அதற்குக் காரணமாகலாம். நூறு ஆண்டுக்குட்பட்ட பாடலின் ஆசிரியரையும் நாம் அறியாதிருப்போமாயின் அதற்குக் காரணம் நம் அசட்டையேயாகும்.

துயரமும் சான்றும்

துயரத்தில் பிறந்த பாடல்களைப் பற்றிய கதைகள் பல. அவற்றுள் மிகுதியாகச் சொல்லப்படுவது சிக்காகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபர்டின் (1828–1888) கதை. 1871-இன் பெருந்தீயில் உடைமை இழந்தார். 1873 நவம்பரில் ‘வில் து ஆவர்’ என்னும் கப்பல் அட்லாண்டிக் கடலில் மூழ்கியபோது அவருடைய மகளிர் நால்வரும் மாண்டனர்; மனைவி மட்டும் பிழைத்தார். மனைவியை அழைத்துவர ஸ்பாஃபர்டு கப்பலேறினார். எது நேரினும் உள்ளம் அமைதியாய் உளது என்று கூறும் பாடலை, மகளிர் மூழ்கிய இடத்தைக் கடக்கும்போதே அவர் எழுதினார் என்பது பெருவழக்கான செய்தி. பின்னர்ப் பிறந்த மகள் பெர்தா அவ்வாறே எழுதியிருக்கிறார். ஐரா சாங்கியோ, 1876-இல் தாம் ஸ்பாஃபர்டு இல்லத்தில் தங்கியிருந்தபோது அது எழுதப்பட்டதாகக் குறிப்பிடுகிறார்.

எதனைக் கொள்வது? பெர்தா அந்நிகழ்ச்சியின்போது பிறந்திருக்கவில்லை. சாங்கியோ முதற்படி தீயில் அழிந்தபின், பார்வையும் மங்கிய முதுமையில், தம் குறிப்புகளை நினைவிலிருந்து மீண்டும் சொல்லி எழுதுவித்தவர். இரண்டும் ஐயத்துக்கு இடமானவையே. பாடல் 1876-இல் அச்சாகியது என்பதும், மெட்டமைத்தவர் பிலிப் பிளிஸ் என்பதும், அம்மெட்டுக்கு அவர் மூழ்கிய கப்பலின் பெயரையே இட்டார் என்பதும் உறுதியானவை. வகுப்பறையில் இரு கூற்றுகளையும் முன்வைத்து, எதற்கு என்ன சான்று என மாணவர்களையே ஆராயச் செய்வது ஒரு நல்ல பயிற்சியாகும். பாடலின் பெருமை அதனால் குறையாது. மூன்று ஆண்டுகள் துயரைச் சுமந்தபின் அமைதியைச் சொல்ல முடிந்தது என்பதும் எளிய செய்தியன்று.

அப்பாடல் அச்சான அதே 1876-ஆம் ஆண்டு திசம்பர் 29-ஆம் நாள், ஒகையோ மாநிலத்தின் ஆஷ்டபுலாவில் இருப்புப்பாதைப் பாலம் இடிந்து வண்டி கவிழ்ந்ததில் பிளிசும் அவர் மனைவியும் மாண்டனர். அவர் வயது முப்பத்தெட்டு. அவருடைய பெட்டியில் இருந்த, மெட்டில்லாத ஒரு பாடலுக்கு ஜேம்ஸ் மக்கிரானகன் என்பார் பின்னர் இசையமைத்தார். பிறர் சொல்லுக்கு இசை தந்தவருடைய சொல்லுக்கு இன்னொருவர் இசை தர நேர்ந்தது.

அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இம்மரபைத் தமதாக்கிக்கொண்ட வரலாறும் இதன் பகுதியே. தாமஸ் டார்சி (1899–1993) இளமையில் புளூஸ் இசைக்கலைஞர். 1932-இல் அவர் செயிண்ட் லூயிஸ் நகரில் பாடச் சென்றிருந்த வேளையில், சிக்காகோவில் அவர் மனைவி மகப்பேற்றின்போது இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அத்துயரில் அவர் பழைய மெட்டொன்றைத் தழுவிச் சொற்களை அமைத்து, தம் கையைப் பற்றி வழிநடத்துமாறு இறைவனை வேண்டும் பாடலைப் பாடினார். மார்ட்டின் லூதர் கிங் பெரிதும் விரும்பிய பாடல் அது. 1968-இல் அவருடைய இறுதிச் சடங்கில் மகேலியா ஜாக்சன் அதனைப் பாடினார். நியூட்டனின் கப்பலில் தொடங்கிய நம் தேடல் இங்கே வந்து சேர்வது பொருத்தமானதே.

தமிழில் வந்தபோது

இப்பாடல்கள் தமிழில் பெயர்க்கப்பட்டபோது எழுந்த இடர்ப்பாடு மொழி பயில்வோர் அறியத்தக்கது. ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்கள் மிகுதி. பொது யாப்பின் ஒரு செய்யுளில் மொத்தம் 28 அசைகளே உள்ளன. ஆங்கிலத்தில் அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்ட சொற்களை அடக்கலாம். தமிழ் ஒட்டுநிலை மொழி. நம் சொற்கள் உருபேற்று நீளும். ஆங்கிலத்தில் மூன்றே அசையில் முடியும் ஒரு சொற்றொடரை நாம் ‘அவருடைய அன்பினால்’ எனப் பெயர்த்தால் எட்டு அசைகள் ஆகிவிடும். அடி முழுதும் நிரம்பிவிடும். ‘அவர் அன்பால்’ என்று சுருக்கினால் நான்கு. ‘இரட்சகர்’ என்றால் நான்கு அசை. ‘மீட்பர்’ என்றால் இரண்டு. வேற்றுமைத் தொகையும் செய்யுள் வழக்கும் நன்கறிந்தவரே இவ்வளவில் பொருள் குன்றாமல் பெயர்க்க முடியும். அறியாதார் பெயர்ப்பில் குறில் நெடிலாகவும் நெடில் குறிலாகவும் நீண்டும் குறுகியும் ஒலிக்கும். அழுத்தம் விழக்கூடாத உருபில் விழும்.

ஆகவே தமிழ்த் திருச்சபைகளில் இரு வழிகள் உருவாயின. மேலை மெட்டிலேயே பாடப்படும் மொழிபெயர்ப்பு ‘ஞானப்பாட்டு’ எனப்பட்டது. நம் இராக தாளங்களில் அமைந்தது ‘கீர்த்தனை’ எனப்பட்டது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியதும், எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் இயற்றியதும் தமிழ் யாப்பின் வழியே நின்று செய்தவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ்த் திருச்சபைகளில் இவ்விரு மரபும் இன்றும் அருகருகே வாழ்கின்றன. கீர்த்தனைகளில் ஆக்கியோர் பெயரேனும் பலவிடத்து முத்திரையாக நின்றது. ஞானப்பாட்டுகள் பலவற்றைப் பெயர்த்தோர் பெயரோ பாடுவோர்க்குத் தெரியாது. அயல்மொழி அசைக்குள் தமிழை அடக்க அவர்கள் பட்ட பாட்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்களே, எந்தச் சமயத்துப் பாடலாயினும், நாட்டுப்பண்ணாயினும், திரைப்பாடலாயினும், மாணவர்க்குக் கற்பிக்கும்போது இரு பெயர்களைக் கரும்பலகையில் எழுதுவோம்: சொல் யாருடையது, இசை யாருடையது. பெயர்ப்பாயின் மூன்றாவதாகப் பெயர்த்தவர் பெயரையும் எழுதுவோம். அறியப்படாதவிடத்து அவ்வாறே குறிப்பிடுவோம். பாடல் பிறந்த கதையைச் சொல்லுமுன் அதற்குச் சான்று யாதெனக் கேட்டுக்கொள்வோம்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. மேடையில் நிற்பவர் அழகாகச் சொன்னார் என்பதற்காக எதனையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அன்று அம்மாணவர் கேட்டதுபோல், கதையில் பேசப்படாதவர்கள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்க்கு விடை தெரியாதெனில், “தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன்” என்று அவர் கூறுவது இழிவன்று. நாம் அன்று அதனைக் கூறத் தவறினோம். இனி எந்த மாணவரிடமும் அவ்வாறு தவறுவதில்லை என்னும் உறுதியோடு இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.